ஹோமில் விட்ட வெட்கத்துக்காக உம்மாவின் காயத்தை மறைக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வயதான உம்மா வாப்பா உள்ளவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

ஒக்டோபர் 1ஆம் திகதி நமது நாட்டில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாக வருகின்றன. பாடசாலையில் கொண்டாட்டமெல்லாம் சிறுவர் தினத்துக்குத்தான். பலூன், ஐஸ்கிறீம், விளையாட்டு. முதியோர் தினத்துக்குக் காலைக் கூட்டத்தில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். அதனால் போன முறை எட்டாம் தரப் பிள்ளைகளிடம், "உங்கள் குடும்பத்தில் உள்ள மூத்தவர் ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள்" என்று சொன்னேன்.

எல்லோரும் எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் நாலு வரியோடு நிறுத்தியிருந்தது. நாலாவது வரி இதுதான்: "உம்மும்மாவ ஹோமில விட்டிருக்கு. அத வெளியில சொல்ல வேணாம் எண்டு உம்மா சொன்னா."

(பிள்ளை யாரென்று தெரியாதபடி விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். யாரும் தேட வேண்டாம்.)

அந்தக் கொப்பியைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த வரி எங்கள் வீட்டுக் கதையும்தான்.

என் வாப்பாவின் மூத்த சகோதரி, எங்கள் மாமி. பாய் இழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். இருந்த ஒரே வீட்டை நம் ஊர் வழக்கப்படி மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். மகள் இப்போது கணவரோடு டோஹாவில். மகன் கொழும்பில், இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில், மூன்று பிள்ளைகளோடு. மாமிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் எடுத்தோம். முதல் ஆள் ஒன்றரை மாதம் நின்றார், அடுத்தவர் எட்டு நாள். கடைசியில் கொழும்புக்கு வெளியே ஒரு இடத்தில் சேர்த்தோம். மாதம் 70,000 ரூபா. பெம்பர்ஸ், மருந்து எல்லாம் வேறாக.

அந்த இடத்துக்குப் பெயர்ப் பலகை இருக்கவில்லை. ஒன்பது முதியவர்கள். பகலில் இரண்டு பெண்கள், இரவில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை மட்டும்தான் பார்க்கலாம். மாமிக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. பார்த்துக்கொண்ட பெண்களுக்குத் தமிழ் தெரியாது. தாகம் என்பதையும், நோவு என்பதையும், தொழுகைக்கு வுழூ எடுக்க வேண்டும் என்பதையும் கையைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். அதிலும் ஒரு கைதான் வேலை செய்யும்.

மூன்றாம் மாதம் நான் பார்க்கப் போனபோது வேலை செய்கிற அந்தக் கையில், மணிக்கட்டைச் சுற்றி, துணியால் கட்டிய தடம் இருந்தது. முதுகைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். மாமி என் காதுக்குக் கிட்ட வந்து, "தண்ணி கேட்டா அடிக்கிறா புள்ள" என்றார்.

பொறுப்பாளரிடம் கேட்டோம். "அவ இரவில எழும்பப் பார்த்து விழுறா. அவவுட நல்லதுக்குத்தான் கட்டுறம்" என்றார். புண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, வயதானவர்களுக்கு அது வருகிற விசயம் என்றார்.

அன்றிரவு குடும்பமெல்லாம் கூடினோம். பொலிஸுக்குப் போவோமா என்று ஒருவர் கேட்டார். மாமியின் மகன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஹோமில விட்டது ஊருக்குத் தெரிஞ்சா நான் எப்பிடிப் பள்ளிக்குப் போற?" என்றார். டோஹாவிலிருந்து மகள் அழுதுகொண்டே, "ராத்தா, சத்தமில்லாமக் கூட்டிட்டு வாங்க, மத்ததெல்லாம் வேணாம்" என்றார். நானும் தலையாட்டினேன். படித்தவள், ஆசிரியை, நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள், நானும்தான் தலையாட்டினேன். அடுத்த நாள் ஒரு வேனில் மாமியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் மாமி எங்களோடு இருந்தார். ஜனாஸாவுக்கு வந்தவர்கள் எல்லோரும், கடைசிக் காலத்தில் நல்லாப் பார்த்தீர்கள் என்று எங்களைப் பாராட்டினார்கள்.

மாமி உயிரோடு இருக்கும்போது என்னிடம் பல தடவை ஒரு கேள்வி கேட்டார். பக்கத்துக் கட்டிலில் மலையகப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தாராம். அந்த ஒன்பது பேரில் தமிழ் பேசிய மற்ற ஆள் அவர் மட்டும்தான். "அவ எப்பிடி இருக்கிறா புள்ள? அவவையும் ஆரும் கூட்டிட்டுப் போனாங்களா?" என்று கேட்பார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. நாங்கள் மாமியை மட்டும் வேனில் ஏற்றினோம். மற்ற எட்டுப் பேரையும் அதே கையில் விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் வாயை மூடியதால் எங்கள் மானம் தப்பியது. அந்த எட்டுப் பேருக்கும் என்ன நடந்தது என்று அல்லாஹ்தான் அறிவான்.

இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நாம் ஏன் முறைப்பாடு செய்வதில்லை? நான் யோசித்துப் பார்த்தேன். மூன்று காரணம்: வெட்கம், பயம், எங்கே போவது என்று தெரியாமை.

முதலில் வெட்கம். உம்மா வாப்பாவைப் பார்க்க வசதியும் ஆளும் இருந்தும் தள்ளி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அல்லாஹ்விடம் பதில் சொல்லட்டும். ஆனால் எல்லாக் குடும்பமும் அப்படி இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகள், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் உள்ள வீடுகள், மறதி நோயால் இரவில் கதவைத் திறந்துகொண்டு போகும் வாப்பாவை வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரிலேயே உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். இன்று அதைவிடக் கூட. குடும்பங்கள் சின்னதாகிக்கொண்டே போகின்றன. "இது வெள்ளைக்காரன் பழக்கம்" என்று பேசுகிறவர்கள், பக்கத்து வீட்டு நோயாளியோடு ஒரு இரவு போய் நின்றிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பெற்றோரிடம் "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அப்படியென்றால் காசு வாங்கிய ஒருவர் அவர்களை அடித்தது தெரிந்த பிறகு நாம் பேசாமல் இருப்பது எந்தக் கணக்கில் சேரும்? ஹோமில் விட்டது சரியா பிழையா என்பது ஒரு கேள்வி. அங்கே நடந்த கொடுமைக்கு நீதி கேட்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வெட்கப்பட்டு இரண்டாவதைக் கைவிடக் கூடாது. விட்ட இடத்திலும் அவர்கள் நமது அமானிதம்தான்.

இரண்டாவது பயம். "நாம முறைப்பாடு கொடுத்தா, உள்ள இருக்கிற உம்மாவுக்கு இன்னும் அடிப்பாங்களே." இது நியாயமான பயம். இதற்கு வழி, முதலில் ஆளை வெளியே எடுப்பது, பிறகு முறைப்பாடு. வேறு இடம் கிடைக்கும் வரை உறவினர் வீடு, அதுவும் முடியாவிட்டால் நோயைச் சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரி. முறைப்பாடு செய்தவரையோ சாட்சி சொல்பவரையோ மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். குற்றச் செயலால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

மூன்றாவது, எங்கே போவது என்று தெரியாமை. இதற்குத்தான் இந்தப் பதிவின் மீதி.

போன வருடம் எங்கள் பகுதியில் முச்சக்கரவண்டி ஓட்டும் ஒரு சகோதரர் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், ஒரு கடிதம் எழுதித் தரணும்." அவருடைய வாப்பா வேறு மாவட்டத்தில் ஒரு கட்டண இல்லத்தில் இருந்தார். விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போகவில்லை, வீட்டுக்கும் சொல்லவில்லை. மாமிக்குச் செய்யாததை இவருக்காவது செய்வோம் என்று உட்கார்ந்தேன். தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடமும், பிரதேச செயலகத்தில் ஒரு உத்தியோகத்தரிடமும் கேட்டுப் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் வைத்தியர்.
உயிருக்கு ஆபத்து என்றால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ். உடனடியாகப் பொலிஸ் தேவை என்றால் 119. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியர் எப்படி நடந்தது என்று கேட்கும்போது நாம் செய்கிற பெரிய பிழை, மானத்துக்குப் பயந்து "விழுந்துட்டா" என்று சொல்வது. அந்த ஒரு சொல் பதிவில் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். வழக்கில் அவருடைய அறிக்கைதான் முதுகெலும்பு. காயங்கள், படுக்கைப் புண், கட்டிய தடம் எல்லாவற்றையும் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்களை முகநூலில் போடாதீர்கள். அது உம்மாவின் மானம்.

2. பொலிஸ் முறைப்பாடு.
இல்லம் எந்தப் பொலிஸ் பிரிவில் இருக்கிறதோ அங்கே கொடுக்க வேண்டும். அடிப்பது, காயம் விளைவிப்பது, கட்டி வைப்பது, அடைத்து வைப்பது எல்லாம் நமது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். முதியவர் என்பதற்காக அடி அடியில்லாமல் போகாது. தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தாமல் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

3. பிரதேச செயலகம்.
நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாத கதவு இது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2011இல் அது திருத்தப்பட்டது. அந்தச் சட்டத்தின்படி ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இல்லம் பதிவு செய்யப்பட வேண்டும். தேசிய முதியோர் செயலகத்தின் கீழ் பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பிரதி ஒன்றைத் தேசிய முதியோர் செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.
இல்லம் பதிவு செய்யப்பட்டதா, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

4. அது மருத்துவ நிலையம் என்றால்.
நாம் எல்லாவற்றையும் "ஹோம்" என்கிறோம். ஆனால் தாதிமார் வைத்து மருத்துவம் செய்யும் தனியார் நேர்சிங் ஹோம் வேறு, தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கும் முதியோர் இல்லம் வேறு. முதலாவது, தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வரும். அதற்கான முறைப்பாடு தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்குப் போக வேண்டும். அரசாங்கம் நடத்தும் இல்லத்தில் கொடுமை நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் போகலாம். அவர்களின் துரித இலக்கம் 1996.

5. சட்டத்தரணி.
"எங்களுக்கு லோயர் வைக்க வசதியில்லை" என்பதோடு பாதிப் பேர் நின்றுவிடுகிறோம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி கிடைக்கும். நாட்டில் பல நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே அவர்களின் நிலையங்கள் உள்ளன.
நட்டஈடு கேட்டு வழக்குப் போட நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். உடலுக்கு ஏற்பட்ட தீங்குக்கான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடக் காலவரம்பு உண்டு. "இத்தா முடியட்டும், நோன்பு முடியட்டும், மகன் வெளிநாட்டால வரட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனால் கதவு மூடிவிடும். காசு கட்டிய ரசீது, ஒப்பந்தக் கடிதம், வட்ஸ்அப்பில் பேசிய செய்திகள், கிளினிக் கொப்பி ஒன்றையும் எறிய வேண்டாம்.

இனிக் கடிதத்தைப் பற்றி. அந்தச் சகோதரர் முதலில் சொன்னதெல்லாம் கோபம். "மனிசத் தன்மை இல்லாதவங்க டீச்சர், மிருகங்கள்" என்றார். நான் திகதி கேட்டேன். எந்த நாள் சேர்த்தீர்கள்? கடைசியாக எந்த நாள் நல்லபடி பார்த்தீர்கள்? விழுந்தது எந்த நாள், உங்களுக்கு அழைப்பு வந்தது எந்த நாள், எத்தனை மணிக்கு? ஆஸ்பத்திரியில் எந்த வாட்டு? அப்போது இரவு வேலையில் நின்றது யார்? எல்லாம் எழுதி முடிக்கும்போது கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு திட்டும் இல்லை. கடைசியில் மூன்று கோரிக்கை: இந்த இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள், அங்கே இப்போது உள்ளவர்களை நேரில் போய்ப் பாருங்கள், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் அறிவியுங்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். உத்தியோகத்தர்கள் போனார்கள். இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. அங்கிருந்த மற்றவர்களின் குடும்பங்களுக்கு அழைத்துச் சொன்னார்கள். இரண்டு குடும்பங்கள் அந்தக் கிழமையே வந்து தங்கள் ஆட்களைக் கூட்டிப்போயின. வழக்கு இன்னும் முடியவில்லை, தவணை தவணையாகப் போகிறது. அந்த வாப்பா வோக்கர் பிடித்து முற்றம் வரை நடக்கிறார். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு குடும்பங்களையும் நினைக்கும்போது எனக்கு மாமியின் பக்கத்துக் கட்டில் ஞாபகம் வருகிறது.

இன்னொரு பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்களும் ஏழைகள்தான். ஒன்பது நோயாளிகளை ஒரு இரவு முழுவதும் தனியே பார்த்தால் யாருக்கும் பொறுமை போகும். அதற்காக அடிப்பது சரியாகாது. ஆனால் முறைப்பாடு அந்தப் பெண்ணின் பெயரோடு நிற்கக் கூடாது. இத்தனை பேருக்கு ஒரே ஆளை வைத்து இலாபம் பார்த்தவர் யார் என்று கேட்க வேண்டும். கடிதத்தில் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

சரி, கொடுமை நடப்பது ஹோமில் இல்லை, வீட்டிலேயே என்றால்? இதுவும் நம் ஊரில் இல்லாத விசயம் இல்லை. அப்போது கதவு வேறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெற்றோர், பாட்டன் பாட்டிமாருக்கும் அது பொருந்தும். உடம்பில் அடித்தால் மட்டுமல்ல, மனதளவிலான கொடுமைக்கும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை கட்டளை கிடைக்கும்.

பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது, அவர்களின் தேவைகளைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்று நான் முன்னே சொன்ன 2000ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதக் கொடுப்பனவு கேட்டு அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு மரியாதை குறைந்துபோன உம்மாமாரும் நம்மிடம் உண்டு. சீதன உறுதி எழுதும் முன் ஒரு வார்த்தை: சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். மருமகன் கூட்டி வரும் நொத்தாரிசிடம் போகாமல் நீங்களாக ஒருவரிடம் கேளுங்கள். நம் சமூகத்தில் நன்கொடை உறுதிகள் தொடர்பில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமற்ற வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் பொருந்தும். மீட்க முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது அங்கே முக்கியம். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுக் கஷ்டப்படுகிறவர்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று இருக்காமல் உறுதியோடு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஜனாஸா வாகனம் இருக்கிறது, கபன் துணி இருக்கிறது, ஸக்காத் பட்டியல் இருக்கிறது. மௌத்தான பிறகு செய்யும் வேலையில் நம் ஊரை யாரும் குறை சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியதற்கும் ஒரு பட்டியல் போடுங்கள். மஹல்லாவில் தனியே இருக்கும் முதியவர்கள் யார், வெளியூர் இல்லங்களில் இருப்பவர்கள் யார், அவர்களை மாதம் ஒரு தடவை யார் போய்ப் பார்ப்பது? ஊரில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் பள்ளி மண்டபத்தில் அவர்களை இருக்கச் சொல்லுங்கள். பெண்கள் வந்து பேச ஒரு அறையும் ஒதுக்குங்கள், ஏனென்றால் இந்த விசயத்தை அதிகம் சுமப்பது பெண்கள்தான். என்.வீ.கியூ. தராதரத்தில் பராமரிப்பாளர் பயிற்சி நாட்டில் உண்டு. க.பொ.த. சாதாரண தரத்தோடு நின்றுபோன நம் பிள்ளைகள் சிலரை அதற்கு அனுப்பினால், நம் மொழி தெரிந்த, நம் வணக்கம் தெரிந்த ஆட்கள் நமக்குக் கிடைப்பார்கள்.

யாரையாவது ஒரு இல்லத்தில் வைத்திருப்பவர்களே, உங்களிடம் மட்டும் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். சொல்லாமல் போங்கள். வேண்டுமென்றே பார்வை நேரத்துக்கு வெளியே போங்கள். விட மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். விட்டால் வாசலில் கதிரையில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வராமல், படுக்கும் இடம் வரை போங்கள். முதுகைப் பாருங்கள், குதிகாலைப் பாருங்கள், மணிக்கட்டைப் பாருங்கள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? போன முறையைவிட மெலிந்திருக்கிறாரா? பகலிலும் கண் திறக்க முடியாமல் தூங்கினால் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அடையாள அட்டையும் ஓய்வூதியமும் யார் கையில்? ஆள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "இங்க உங்களுக்கு எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உடனே பதில் வராது. கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் வரும்.

அந்தப் பிள்ளையின் கொப்பியில் பிறகு நான் எழுதியது இதுதான்: "இது வெட்கப்படுகிற விசயம் இல்லை மகன். உம்மும்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" அடுத்த நாள் கொப்பி திரும்பி வந்தது. கீழே பென்சிலால், "நோன்புப் பெருநாளைக்கு டீச்சர்" என்று எழுதியிருந்தது.

அவனுடைய உம்மாவோடு பேசினேன். அவர் அழுதார். போன மாதம் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். உம்மும்மா நன்றாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அது நல்ல இடம்தான். எல்லா இடமும் கெட்ட இடம் இல்லை. ஆனால் போய்ப் பார்க்காமல் அது நமக்குத் தெரியாது.

யாருக்காவது முறைப்பாட்டுக் கடிதம் எழுத உதவி தேவை என்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பெயர் வெளியில் வராது. நான் சட்டத்தரணி இல்லை, கடிதம் எழுதத் தெரிந்த ஆசிரியை மட்டும்தான். ஆனால் திகதி கேட்பேன். தேடி எடுத்து வையுங்கள்.

மாமிக்காகவும், அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.